சிவப்புக் கோடும் பச்சைக் கோடும்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மையத்தின் இயக்குநர் முனைவர் வேணுகோபால் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இவ்வளவு நேரமும் பொறுமையாக அமர்ந்திருக்கும் திருமதி ஷோபா சந்தானம் அவர்களே, உப்பலிலிருந்தும் மல்லாபூரிலிருந்தும் குகட்பள்ளியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் நம் தமிழ்ப் பணியாளர் மன்றத்து நண்பர்களே, வணக்கம்.

மன்றச் செயலாளர் சுதர்சன் எனக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். ஏழு நிமிடத்துக்குள் முடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மணியைக் கையிலிருந்து கீழே வையுங்கள், சுதர்சன். எழுபத்தேழு வயதில் மணிக்குப் பயப்பட முடியாது.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். ஒருவர், முனைவர் சந்தானம் நியூட்ரான்களைத் தம் பிள்ளைகளைப் போல் நேசித்தார் என்றார். நியூட்ரானை யாரும் நேசிப்பதில்லை, ஐயா. அது நேசிக்கத்தக்க பொருளும் அல்ல. சந்தானம் அவற்றை எண்ணினார். சரியாக எண்ணினோமா என்று கவலைப்பட்டார். அவ்வளவுதான். இன்னொருவர், அவர் எளிமையானவர், யாரிடமும் முகம் கோணாதவர் என்றார். எந்தச் சந்தானத்தைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அறிந்த சந்தானம் கடும் பிடிவாதக்காரர். என் மதிய உணவை முப்பது ஆண்டுகள் ஆற வைத்தவர். 'கிராஃப் வழவழன்னு வந்தா சந்தேகப்படுங்க மேடம், கையில சூடு போட்டுக்கிட்ட மாதிரி பதறணும்' என்று சாம்பார் சாதத்துக்கு நடுவே வந்து நின்றவர்.

அவருக்குப் புகழ் சேர்க்க நான் வரவில்லை. அவருக்கு வரவேண்டிய ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாக வரவில்லை. அதைக் கேட்க வந்திருக்கிறேன்.

அது என்னவென்று சொல்ல, நான் உங்களை 1989க்கு அழைத்துப் போக வேண்டும். ஷோபா அவர்களுக்கும் மற்றக் குடும்பத்தாருக்கும் புரியும்படியே சொல்கிறேன். புரியாவிட்டால் குறை என்னுடையது.

ஓர் அணு உலையை அவசரமாக நிறுத்த வேண்டுமானால், நியூட்ரான்களை விழுங்கும் கோல்களை அதற்குள் விழ விடுகிறோம். ஏறக்குறைய ஒரு விநாடியில் அவை கீழே வந்துவிடும். அந்த ஒரு விநாடியிலும் அதையடுத்த சில விநாடிகளிலும் நியூட்ரான்கள் எப்படிக் குறைகின்றன, எங்கே வேகமாகக் குறைகின்றன, எங்கே மெதுவாகக் குறைகின்றன என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடுவதுதான் சந்தானத்தின் வேலை. அவர் எழுதிய நிரல் அதைத்தான் செய்தது. ஆனால் நிரல் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரியும்? ஒரு சிறிய ஆய்வு உலையில் மெய்யாகவே கோல்களை விழவிட்டு, உலையைச் சுற்றி வைத்த மூன்று உணர்கருவிகள் காட்டியதைத் தாளில் பதிந்தோம். நீண்ட சுருள் தாள். மூன்று பேனாக்கள். நீலம், சிவப்பு, பச்சை. கருவிக்கு ஒரு நிறம்.

நிரல் போட்ட வளைவு நீலக் கோட்டோடு முதலில் பொருந்தவில்லை. அக்காலத்தில் கணினி நேரம் என்பது கெஞ்சி வாங்குவது. ஆகவே சந்தானம் ஒரு சுருக்குவழி வைத்திருந்தார். உலைக்குள் நியூட்ரான்கள் பரவியிருக்கும் வடிவத்தை நிரல் அரை விநாடிக்கு ஒருமுறைதான் புதிதாகக் கணக்கிடும். நடுவில் வடிவம் மாறாது, அளவு மட்டும் குறையும் என்று வைத்துக்கொள்ளும். கோல் விழுவதே ஒரு விநாடி. அதற்குள் வடிவம் தலைகீழாக மாறிவிடும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றியது வேறு. உலையின் வெளியுறையில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்களுக்கு ஓர் எண் உண்டு. அது துல்லியமாகத் தெரியாத எண். சந்தானம் அதைச் சற்றே கூட்டினார், சற்றே குறைத்தார். பதினோராவது தடவை, வளைவு நீலக் கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

'ஒட்டிக்கிச்சு மேடம்! வந்து பாருங்க, ஒட்டிக்கிச்சு!' என்று அவர் கூவியது இன்னும் என் காதில் இருக்கிறது.

நம் பிரிவில் அன்று ஒரு வழக்கம் இருந்தது; இன்றும் இருக்கிறதென்று கேள்விப்படுகிறேன். யாருடைய வளைவு அளவீட்டோடு பொருந்துகிறதோ அவர் எல்லாருக்கும் உஸ்மானியா பிஸ்கட் வாங்க வேண்டும். சந்தானம் இரண்டு பெட்டி வாங்கினார். தின்றோம். அறிக்கை எழுதினோம். 'நிரலின் முடிவு அளவீட்டோடு மிக நன்றாகப் பொருந்துகிறது' என்று எழுதினோம். விடையைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுத்தோம் என்று எங்கும் எழுதவில்லை. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா? இல்லை. அதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. ஒருவருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே இதைச் செய்ய முடியும். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதி, நூற்றுக்கு நூறு வாங்கியதாக உளமார நம்ப முடியும்.

சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? அவை பொருந்தவில்லை. சுருளின் ஓரத்தில் பென்சிலால், 'பதிவுக் கருவிக் கோளாறு. விட்டுவிடவும்' என்று எழுதப்பட்டது. விடப்பட்டன.

அந்த அறிக்கையை வைத்து எத்தனை அறிக்கைகள்! எத்தனை பதவி உயர்வுகள்! எத்தனை முனைவர் பட்டங்கள்! தலைவர் அவர்களின் ஆய்வேட்டின் நான்காம் அதிகாரம் அந்தப் பொருத்தத்தின்மேல்தான் நிற்கிறது. தவறாக எண்ண வேண்டாம், வேணுகோபால். அதைத் திருத்திக் கொடுத்தவளே நான்தான்.

பிறகு 2013. ஓய்வுபெற ஓராண்டு இருக்கையில் சந்தானம் தம் அலமாரியைக் காலி செய்தார். மற்றவர்கள் அலமாரியைக் காலி செய்தால் பழைய தேநீர்க் கோப்பையும் வாழ்த்து அட்டையும் கிடைக்கும். இவருக்கு அந்தச் சுருள் கிடைத்தது. இன்னொருவராக இருந்தால் அதைச் சுருட்டியபடியே குப்பையில் போட்டிருப்பார். இவர் விரித்தார். அளவுகோலை வைத்து மூன்று கோடுகளையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கையால் படித்து எண்களாக்கினார். நான்கு மாதம். பிறகு சுருக்குவழியை நிரலிலிருந்து எடுத்தெறிந்தார். வடிவத்தை விநாடிக்கு இருநூறு தடவை கணக்கிட வைத்தார். தாம் கூட்டிக் குறைத்த எண்ணைத் தூக்கிவிட்டு, கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே போட்டார்.

நீலம் பொருந்தியது. சிவப்பு பொருந்தியது. பச்சையும் பொருந்தியது!

கருவியில் கோளாறே இல்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாக இரண்டு பேனாக்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. மூன்றாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். கோல் விழும் இடத்துக்கு எதிர்ப்புறத்தில், முதல் ஒன்றரை விநாடியில், நியூட்ரான்கள் நம் நிரல் சொன்னதைவிட மெதுவாகத்தான் குறைந்திருக்கின்றன. பன்னிரண்டு சதவீத வேறுபாடு. பதற வேண்டாம், அந்தச் சிறிய உலைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. பாதுகாப்பு எல்லை வெகு தொலைவில் இருந்தது. நாம் சொன்ன அளவு தொலைவில் இல்லை, அவ்வளவே. ஆனால் பெரிய உலைக்கு அப்படிச் சொல்ல முடியுமா? உலை பெரிதாகப் பெரிதாக ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் உள்ள வேறுபாடும் பெரிதாகும். அங்கே அந்தச் சுருக்குவழியும், பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த எண்ணும் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? சந்தானத்துக்குத் தெரிந்தது. அதனால்தான் அவருக்குத் தூக்கம் போயிற்று.

அவர் அப்போது செய்ததைக் கேளுங்கள். ஒரு பெட்டி உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தார். ஓய்வுபெற்றிருந்தாலும், மறுஆய்வுக் குழுக் கூட்டத்துக்காக நானும் அன்று வந்திருந்தேன். யாரோ, 'என்ன சார், பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா?' என்றார்கள்.

'நக்கோ நக்கோ, அதெல்லாம் இல்ல. எண்பத்தொம்பதுல ஒட்டிக்கிச்சுன்னு வாங்கிக் கொடுத்தேன்ல? அது ஒட்டலை. அதுக்கு இது. எடுத்துக்கோங்க!'

சிரித்தார்கள். எவரும் எடுக்கவில்லை. நான் ஒன்று எடுத்தேன். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன், தின்னவில்லை.

அடுத்த வாரம், துணிப்பையில் சுருளோடு உப்பலில் என் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் தரையில் விரித்தார். சோபாவை நகர்த்த வேண்டியதாயிற்று.

'ரெக்கார்டர் நல்லாத்தான் இருந்திருக்கு மேடம். நாமதான் சரியில்ல.'

'இருபத்து நாலு வருஷம் ஆச்சு, சந்தானம். இப்ப எதுக்கு இதைக் கிளறணும்?'

'அப்படி மட்டும் சொல்லாதீங்க மேடம். வேற யாராவது சொன்னா பரவால்ல.'

அதற்குப் பிறகு அவர் நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதினார். தலைப்பு: '1989 சரிபார்ப்பில் நான் செய்த பிழை'. நம் மையத்தின் விதிப்படி, இரண்டு மறுஆய்வாளர்கள் கையெழுத்திட்டால் அது வெளிவரும். பழைய நிரல் அன்றோடு விலக்கப்படும். புதியது அதன் இடத்துக்கு வரும். இரண்டே கையெழுத்து.

கையெழுத்து வரவில்லை.

2015இல் இயக்குநர் அறையில் ஒரு பேச்சு நடந்தது. நானும் இருந்தேன். அன்று துணை இயக்குநராக இருந்த வேணுகோபால் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

'சார், தலைப்பை மட்டும் மாத்திடுங்க. மேம்படுத்தப்பட்ட கணிப்பு முறைன்னு போடுங்க. நாளைக்கே கையெழுத்து.'

'மேம்படுத்தலப்பா வேணு. தப்பைத் திருத்தியிருக்கேன்.'

'ரெண்டும் ஒண்ணுதானே சார்?'

'ஹவ், அப்படியா? நீ தார்னாகா சிக்னல்ல ஒருத்தன் வண்டியை இடிச்சிட்டு, மேம்படுத்தப்பட்ட பார்க்கிங்னு எழுதிக் கொடுப்பியா? போலீஸ்காரன் வாங்கிப்பானா?'

வேணுகோபால் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சந்தானம் சிரிக்கவில்லை. குறிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறு ஆண்டு மீண்டும் கொடுத்தார். கையெழுத்து வரவில்லை. 2018இல் கொடுத்தார். குழு மாற்றியமைக்கப்படுகிறது என்று பதில் வந்தது, கையெழுத்து வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அஞ்சலில் அனுப்பினார். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. சென்ற ஆண்டு, எழுபது வயதில், மாரேட்பள்ளியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, வாயிலில் நுழைவுச் சீட்டுக்காக ஒரு மணி நேரம் நின்று, ஏழாவது முறையாகக் கொடுத்தார். அவர் எழுதிய நிரலை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் நுழைய, அவருக்கு ஒரு மணி நேரம்!

இந்த மாதம் பதினொன்றாம் தேதி இறந்துபோனார்.

உடனே நமக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது பார்த்தீர்களா! சென்ற புதன்கிழமை மையத்தில் இரண்டு நிமிட மௌனம். எதற்கு அந்த இரண்டு நிமிடம்? பன்னிரண்டு ஆண்டு மௌனம் போதவில்லையா? கருத்தரங்கக் கூடத்துக்கு அவர் பெயராம். சுவரில் படமாம். படத்துக்காக நம் சுதர்சன் அவர் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், மறுக்க மாட்டார். ஷோபா அவர்கள் ஆல்பத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

'போட்டோ எது வேணா எடுத்துக்குங்க தம்பி. அவரோட பேப்பர் எப்ப வருது?'

சுதர்சன் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு மனிதரின் படத்தை மாட்ட ஆணி இருக்கிறது. அவருடைய குறிப்பில் கையெழுத்திட மை இல்லையா?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைத்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். மூன்றாவது வரிசையில் அக்ஷதா உட்கார்ந்திருக்கிறார். பெரிய உலைக்கான புதிய கணிப்புக் குழுவின் தலைவர். வருகிற முதல் தேதி அவருடைய குழு பாதுகாப்பு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறது. அதில் நிரல் நம்பத்தக்கது என்பதற்குச் சான்றாக எதைக் காட்டுகிறார்கள் தெரியுமா? 1989! நீலக் கோடு! அக்ஷதாமேல் குற்றம் இல்லை. திருத்தம் வெளிவராதவரை, விதிப்படி அவர் பழையதைத்தான் பயன்படுத்த வேண்டும். சென்ற வாரம் தொலைபேசியில் அவர் என்னிடம் கேட்டார்: 'மேடம், சந்தானம் சார் நோட்டைப் படிச்சிட்டேன். தெரிஞ்சும் நான் எப்படி சைன் பண்றது?' இருபதாண்டு அனுபவமுள்ள பொறியாளர் கேட்கும் கேள்வி அது. தப்பு என்று தெரிந்ததில் அவர் கையெழுத்திட வேண்டும். சரி என்று தெரிந்ததில் நாம் கையெழுத்திட மாட்டோம். நன்றாக இருக்கிறது நியாயம்!

இதோ வருகிறேன், சுதர்சன். முடிக்கத்தான் போகிறேன்.

இரண்டு மறுஆய்வாளர்கள் என்றேன். ஒருவர் தலைவர் வேணுகோபால் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மற்றவர் யாரென்று யாரும் கேட்கவில்லை. வயதானவள் என்ற தயவு போலும். மற்றவர் மங்கையர்க்கரசி. உங்கள் முன் நிற்பவள்.

நான் மறுக்கவில்லை, மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. குறிப்புரைகள் எழுதித் திருப்பி அனுப்பினேன். இருபத்தாறு குறிப்புரைகள். அவற்றில் பத்தொன்பது காற்புள்ளிகளைப் பற்றியவை. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். நான் வேறு காற்புள்ளிகளைக் கண்டுபிடித்தேன். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருத்தி, நியூட்ரானை விட்டுவிட்டுக் காற்புள்ளியைத் துரத்தினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

காரணம் இதுதான். சுருளின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டது என்றேன் அல்லவா? 'பதிவுக் கருவிக் கோளாறு. விட்டுவிடவும்.' அதை எழுதியது என் கை. கருவியைச் சோதிக்கவில்லை. சோதிக்க இரண்டு நாள் ஆகும். அன்று வெள்ளிக்கிழமை, திங்களன்று அறிக்கை போக வேண்டும். சந்தானம், 'ரெண்டு பேனா எப்படி மேடம் ஒரே நேரத்துல கெடும்?' என்று கேட்டார். 'கெடும், நீங்க அறிக்கையை எழுதுங்க' என்று சொன்னேன். நான் மூத்தவள். அவர் எழுதினார்.

என் வீட்டுக் கூடத்தில் அவர் சுருளை விரித்தபோது அந்த வரி என் காலடியில்தான் கிடந்தது. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நாற்பத்தொரு பக்கத்திலும் என் பெயர் இல்லை. 'சிவப்பு, பச்சைப் பதிவுகள் அக்காலத்தில் விலக்கப்பட்டன' என்று மட்டும் இருக்கிறது. யார் விலக்கினார்கள் என்று இல்லை. மற்ற இடமெல்லாம் 'நான் தவறினேன், நான் சோதிக்கவில்லை' என்று தம் பெயரைப் போட்டுக்கொண்டவர், அங்கே மட்டும் யார் பெயரையும் போடவில்லை. அந்த மறைவில் நான் பன்னிரண்டு ஆண்டு சௌகரியமாக இருந்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. அவர்மேலும் வருகிறது. கேட்டிருக்கலாமே! 'இது நீங்க எழுதினதுதானே மேடம்' என்று ஒரு தடவை என் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால், அன்றே முடிந்திருக்குமே!

கேட்கவில்லை. மனிதருக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் போதவில்லை.

நினைவுக் கூட்டங்களில் இறுதியாக உறுதிமொழி எடுப்பது மரபு. அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு, வெளியே போய்த் தேநீர் குடிப்போம். தொடர எதுவும் மிச்சமில்லை, நண்பர்களே. அவர் தம் பணியை முடித்துவிட்டார். முடிக்காதவர்கள் இரண்டு பேர். இருவரும் இந்த மேடையில்தான் இருக்கிறோம்.

இதோ அந்தக் குறிப்பு. சந்தானத்தின் ஏழாவது படி. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். இது என்னுடைய இருபத்தேழாவது குறிப்புரை, காற்புள்ளியைப் பற்றியது அல்ல. 'சிவப்பு, பச்சைப் பதிவுகளைக் கருவியைச் சோதிக்காமல் விலக்கியவர் மங்கையர்க்கரசி.' தலைப்பில் 'நான்' என்பதை 'நாங்கள்' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. அது அவர் வைத்த பெயர். கடைசிப் பக்கத்தில் முதல் மறுஆய்வாளரின் கையெழுத்து காலையிலேயே இடப்பட்டுவிட்டது. தேதியும் போட்டிருக்கிறேன்.

வேணுகோபால், இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. நான்காம் அதிகாரம் உங்களை ஒன்றும் செய்துவிடாது. நான் ஒப்புக்கொண்டேனே, அது என்னை இன்று என்ன செய்துவிட்டது? காகிதத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன். அக்ஷதா மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷோபா அவர்கள் முதல் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே தட்டில் உஸ்மானியா பிஸ்கட் வைத்திருக்கிறார்கள், வரும்போது கவனித்தேன். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கையில் எடுத்துத் தின்னாமல் வைத்த ஒன்று எனக்குப் பாக்கி இருக்கிறது. அதைத் தின்ன வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்து விழும்வரை நான் இந்த ஒலிவாங்கியை விட்டு நகர்வதாக இல்லை.

பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறேன். எழுதுங்கள்.